மூன்றே முக்காலுக்குப் பிறகு மூன்று நிமிடம்

படகு பாதி இறங்கிவிட்டது. ஒரு பக்கக் கயிறு சிக்கிக்கொண்டது. சாய்ந்து தொங்குகிறோம். மாலுமிகளின் தலைவர் போசன் மேலே பார்த்துக் கத்துகிறார். "ரஸ்ஸி சோடோ! ரஸ்ஸி சோடோ!" கயிற்றை விடச் சொல்கிறார். என் கைக்கடிகாரத்தில் மூன்று நாற்பத்துநான்கு. அம்மா என்னை இடுப்போடு பிடித்திருக்கிறாள். கருகிய சர்க்கரை வாசனை. கீழே கடல்மேல் எண்ணெய். படகில் நான் தேடுவது ஒரே முகம். அது இல்லை.

அப்பா ரேடியோ அறையில் இருக்கிறார்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. எண்பதுகளின் நடுவில். ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை. சரக்குக் கப்பல். வயிறு நிறையச் சர்க்கரை மூட்டை. அப்பா அதில் ரேடியோ ஆபீசர். அதிகாரிகள் குடும்பத்தை ஏற்றிக்கொள்ளலாம். அம்மா அடம் பிடித்து ஏறினாள். எங்களைவிடப் பெரிதாக அங்கே எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்றாள். ஏறும்போது வளைகுடா என்று யாரும் சொல்லவில்லை. நடுக்கடலில் தந்தி வந்தது. போகும் இடம் மாறியது. அந்தத் தந்தியைக் காதில் வாங்கி எழுதியவர் அப்பாதான். வழியில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே எங்களை இறக்கிவிடுவதாகக் கேப்டன் சொன்னார். கரையிலிருந்து வரவேண்டிய லாஞ்ச் படகு வரவில்லை. பெட்டியைக் கட்டிவைத்து, மறுபடி அவிழ்த்தோம்.

போரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டும். அது போருக்கு முன்பே இருந்தது.

ரேடியோ அறையின் கடிகாரத்தில் இரண்டு சிவப்புப் பட்டைகள் இருக்கும். பதினைந்திலிருந்து பதினெட்டு. நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு. அந்த மூன்று மூன்று நிமிடமும் எல்லாக் கப்பல்களும் வாயை மூட வேண்டும். யாரும் செய்தி அனுப்பக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். எங்காவது ஒருவன் முழுகிக்கொண்டிருந்தால் அவன் சத்தம் எடுபடும். அதற்குத்தான்.

அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். எங்கள் தீவில், டாலிகஞ்ச் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் அம்மாவின் நகப்பூச்சை எடுத்து இரண்டு சிவப்புப் பட்டை தீட்டினார். லீவில் வந்திருக்கும்போதும் அந்த நேரம் ஆனால் பேச்சை நிறுத்திவிடுவார். சோற்றில் கை அப்படியே நிற்கும். ஸ்கூலில் பரிசு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். முள் சிவப்பைத் தொடும். கை காட்டுவார். வீட்டில் ரேடியோவே கிடையாது. இருந்தும் கேட்பார். யாரை? முகம் தெரியாத யாரையோ. அந்த யாரோமேல் எனக்குப் பொறாமை. முழுகட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளை. ஆனால் நினைத்தேன்.

கப்பலில் அந்த யாரோவுக்குப் பெயர் கிடைத்தது. தங்கராஜ். நாகர்கோவில்காரர். வேறொரு கப்பலின் ரேடியோ ஆபீசர். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஆறு வருடமாகத் தந்தியில் கட்டுக்கடா தட்டியே பேசிக்கொண்டிருந்தார்கள். தந்திக்காரர்களுக்குக் கைதான் குரல். யார் அடிக்கிறார் என்று அடிக்கிற நடையிலேயே தெரியும். அந்தக் கை வந்ததும் அப்பா முகம் மலரும். "பாத்தியா, என்னா கை! பூ தொடுக்கிற மாதிரி." எனக்கு வெறும் கீச்சுச் சத்தம். என் கையெழுத்தை அப்பா ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

நானும் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். ஒரே எழுத்தோடு நின்றது. எஸ். என் பெயர் ஸ்டெல்லா. தந்தியில் எஸ் என்றால் மூன்று குட்டைத் தட்டல். அப்பா எங்கள் கேபின் கதவை அப்படித்தான் தட்டுவார். தட். தட். தட். தந்திக்காரர்கள் அடிக்கிற வேகத்தில் அது ஒரே உதறலாகப் போய்விடும். எனக்குப் புரியட்டும் என்று மெல்லத் தட்டுவார். நடுவில் மூச்சு விடலாம். அந்த மூன்று தட்டல் மட்டும் எனக்கே எனக்கு.

வெள்ளிக்கிழமை. மூன்று முப்பத்தெட்டு. முதல் சத்தம். விமானத்தை யாரும் பார்க்கவில்லை. டம் என்று ஒரே அடி. பிறகு கண்ணாடி உதிரும் சத்தம், ரொம்ப நேரம். பிறகு இன்ஜின் நின்றது. பத்து நாளாக உடம்போடு ஒட்டியிருந்த அதிர்வு சட்டென்று இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நடைபாதையில் புகை. "நீச்சே மத் ஜாவோ! ஊபர்! ஊபர்!" கீழே போகாதே என்று யாரோ கத்துகிறார்கள். அம்மா என்னை மேலே இழுக்கிறாள். வழியில் ரேடியோ அறை. கதவு திறந்திருக்கிறது. பெரிய ஏரியல் அறுந்து டெக்கில் கிடக்கிறது. கரண்ட் இல்லை. அப்பா பேட்டரி செட்டில் அடிக்கிறார். பேட்டரிக்குப் பலம் குறைவு. சுற்றிலும் நாற்பது கப்பல் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தச் சந்தைக்கடையில் இவர் முனகல் யார் காதில் விழும்?

அம்மா கூப்பிட்டாள். அப்பா திரும்பவில்லை. காதிலிருந்து ஹெட்போனை எடுக்கவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"முக்காலுக்கு எல்லாவனும் வாய மூடுவான். அப்ப அடிச்சாத்தான் கேக்கும். நீங்க எறங்குங்க. பின்னாலயே வாரேன்."

மூன்று நாற்பத்தொன்று. அந்த முதுகுதான் நான் கடைசியாகப் பார்த்தது. வெள்ளைச் சட்டை. இடது தோளில் மசி. இவ்வளவு நடந்தும் எனக்கு வந்தது பயமில்லை. கோபம். இப்போதும் அவர்களோடுதானா?

கயிறு விடுபட்டது. படகு தண்ணீரில் மோதியது. மூன்று நாற்பத்தைந்து. வளைகுடா முழுக்க இந்த நிமிடம் தந்திக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரியும். எங்களுக்குக் கேட்பது நெருப்புச் சத்தம் மட்டும். "சப்பு மாரோ! தூர்! தூர்!" போசன் துடுப்புப் போட்டு விலகச் சொல்கிறார். மூன்று நாற்பத்தேழு. இரண்டாவது அடி. ரேடியோ அறைக்கு நேராக. நான் பார்த்தேன். அம்மா என் கண்ணை மூடியது அதற்குப் பிறகுதான்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு கப்பல் வந்து எங்களைத் தூக்கியது. எங்கள் சத்தத்தைக் கேட்டு, பதில் சொல்லி, அந்தக் கப்பலைத் திருப்பிவிட்டது வேறொரு கப்பல். அதன் ரேடியோ ஆபீசர் தங்கராஜ்.

எங்கள் உயிரைக் காப்பாற்றியவர்மேல் பொறாமைப்படலாமா? பட்டேன். அப்பாவின் கடைசி மூன்று நிமிடம் அவரிடம் இருந்தது. எங்களிடம் முதுகு இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து கார்டு வரும். அம்மா பிரிக்க மாட்டாள். டாலிகஞ்ச் வீட்டுக் கடிகாரத்தில் சிவப்பை அவள் அழிக்கவும் இல்லை. முள் அங்கே வந்தால் போய் மிக்ஸியைப் போடுவாள். அரைக்க எதுவும் இருக்காது. வெறும் ஜாடி சுற்றும். முள் சிவப்பைத் தாண்டியதும் நிறுத்துவாள். சாகும்வரை அப்படித்தான்.

போன ஜனவரியில் அவர் வந்தார். அபர்டீன் பஜாரில் எனக்கு ஒரு துணிக்கடை. காலை பதினொரு மணி. பெங்காலி அம்மா ஒருவருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கிழவர். மெயின்லேண்டிலிருந்து தீவுக்குக் கப்பலில் வந்த களைப்பு. காதில் மிஷின். தங்கராஜ் என்று பெயரைச் சொன்னார். உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன்.

எண்பத்திரண்டு வயதாம். போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வந்தாராம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அன்றைய லாக் புத்தகத்தின் நகல். பென்சில் எழுத்து. மூன்று நாற்பத்தைந்து: ஆபத்து அழைப்பு, கப்பல் இருக்கும் இடம். மூன்று நாற்பத்தாறு: கேட்டாயிற்று என்று இவர் அனுப்பிய பதில். மூன்று நாற்பத்தேழு: எஸ். அவ்வளவுதான். கீழே தாள் வெறுமையாக இருந்தது.

"எல்லாரும் சொன்னாவ, அது எஸ்ஓஎஸ் பாதியில அறுந்ததுன்னு. நானும் தலையாட்டிட்டேன். ஆனா அது இல்ல, மக்ளே. எஸ்ஓஎஸ்ஸ உங்கப்பன் ஒட்டி அடிப்பான், இடைவெளியே இருக்காது. இது பாரு."

கண்ணாடி மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினார்.

தட். தட். தட்.

நடுவில் மூச்சு விடலாம்.

கடைக்கு வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். பெங்காலி அம்மா இன்னொரு புடவை காட்டச் சொல்கிறார். நான் மேசையைப் பார்க்கிறேன். அது எங்கள் கேபின் கதவு.

"கத்துக்குட்டிக்கு அடிக்க மாதிரி அடிச்சான். எனக்கு எதுக்கு அப்பிடி அடிக்கணும்? நாப்பது வருசமா யோசிக்கேன். உனக்கு ஏதும் தெரியுமா, மக்ளே?"

மக்ளே என்று அவர் கூப்பிட்டது பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் நாற்பது வருடம் அவர் காதில் இருந்தது பிடிக்கவில்லை. எனக்கு வந்ததை அவர் வாங்கி வைத்திருந்தார். இன்னொன்றும் யோசித்தேன். பதில் வந்ததும் அப்பா எழுந்து ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் படிக்கட்டுவரையாவது வந்திருப்பார். உட்கார்ந்தது எனக்காக என்றால் அந்தப் பாரமும் எனக்குத்தான். இருக்கட்டும். அதையும் நானே வைத்துக்கொள்கிறேன். யாருக்கும் பங்கு தர மாட்டேன்.

"தெரியாது, அங்கிள்" என்றேன்.

தலையை ஆட்டினார். டீயைக் குடித்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நகல் எனக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மே மாதம் அவர் மகன் போன் செய்தான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். போனை வைத்துவிட்டு அழுதேன். யாருக்காக அழுதேன் என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு முதல் தடவை நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இனி எண்ணிக்கை.

கப்பலில் இருந்தவர்கள் முப்பத்துமூன்று. படகில் இறங்கியவர்கள் முப்பது. இன்ஜின் அறையில் இருவர் போனார்கள். ஒருவர் தமிழ், ஒருவர் கோவாக்காரர். ரேடியோ அறையில் ஒருவர். உடல் மூன்றும் கிடைக்கவில்லை. கடலோடு போனவை: அம்மாவின் பெட்டி. என் வலது கால் செருப்பு. சர்க்கரை முழுவதும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சர்க்கரை கருக்கியதில்லை.

கடைசியாக வந்த எழுத்து ஒன்று. அதைக் கேட்டவர் ஒருவர். அது யாருக்கென்று தெரியாமலே அவரும் போய்விட்டார்.