தொட்டில் கம்புக்கு வெட்டிய லிண்டன்

அதிகாலை மூன்றரை மணி. ஜூன் மாதம்... எங்கள் பக்கத்தில் அந்நேரமே வெளுத்துவிடும். ரை தானிய வயலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒற்றை வண்டித்தடம். ஒரு நாய்கூட இல்லை.

அந்தத் தடத்தில் எபாய் நடந்துகொண்டிருந்தான். என்னோடு பால் பண்ணையில் வேலை பார்க்கிறாளே ஐவிகா, அவளுடைய சித்தப்பா. கூடவே அவன் மச்சான் யானிஷ், தோளில் கோடாரியோடு.

அவை சின்சா நாட்கள். ரை பூத்து, பூமி சூலுற்றிருக்கும் மூன்று வாரம். மண்ணிலும் மரத்திலும் இரும்பு படக் கூடாது. துணியைக்கூட அடித்துத் துவைக்க மாட்டோம். அதிலும் அவர்கள் போனது வேண்டுதல் தோப்புக்கு. கெரெமெத் என்ற பொல்லாத சாமி குடியிருக்கும் காடு. சாதாரண நாளிலேயே அங்கே யாரும் ஒரு சுள்ளியை ஒடிப்பதில்லை.

ஆனால் எபாய்க்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் தொட்டிலிலேயே குளிர்ந்துபோயின. மூன்றாவதை அவன் மனைவி அனுக் சுமந்துகொண்டிருந்தாள். வலி இன்றோ நாளையோ. தோப்பு லிண்டன் மரத்தில் கம்பு வெட்டித் தொட்டில் கட்டினால் பிள்ளை தங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“சின்சா முடியட்டுமே, மாப்ள.”

“போய் உன் தங்கச்சி வயித்துகிட்ட சொல்லு, முடியட்டும்னு.”

“சரி விடு, நானே வெட்டறேன். நடுங்கற கையோட நீ உன் காலைத்தான் வெட்டிக்குவ.”

யானிஷ் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான். இளமரம், தொடை கனம். உச்சியை நறுக்கினால் கம்பு கிடைத்துவிடும்.

முதல் வெட்டு... சத்தமே இல்லை. ஈரத்துணியில் குத்தியதுபோல.

இரண்டாவது... வாடை வந்தது. மாடு ஈனும்போது வருமே, வெதுவெதுப்பாக, அந்த வாடை.

மூன்றாவது வெட்டில் மரம் சாய்ந்தது. வெட்டிய பக்கம் அல்ல. வெட்டியவன் மேல்.

யானிஷின் விலா ஒவ்வொன்றாக முறிவது எபாய்க்குக் கேட்டது. மரத்தைத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. கோடாரியை எடுத்தான். மரத்தைத் துண்டாக்கி அவனை இழுத்துவிடலாம் என்று நடுவில் ஓங்கிப் போட்டான்.

யானிஷ் அலறினான். அவன் வயிறு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. கோடாரி அவனைத் தொடவே இல்லை.

“வெட்டாத மாப்ள... என்னைத்தான்... என்னைத்தான் வெட்டற...”

எபாய் நின்றான். பாசியில் இரத்தம் ஊறும் சத்தம் மெல்லக் கேட்டது. ஓடிப்போய் ஆள் கூட்டி வரலாம். வந்தால் கம்பு கிடைக்காது. இரண்டு சின்னப் பெட்டிகளைத் தன் கையால் குழியில் இறக்கியவன் அவன்.

மச்சானின் முகத்தைப் பார்க்காமல் மரத்தின் உச்சிப் பக்கம் போனான்.

நாலு வெட்டு. மூன்று அலறல்.

கம்பு கையோடு வந்தபோது, யானிஷின் தலை உடம்பிலிருந்து ஓரடி தள்ளிக் கிடந்தது. கண் திறந்தே இருந்தது.

கரடி என்று ஊரில் சொன்னான். அந்த உடம்பைப் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கம்பில்தான் தொட்டில் கட்டினான். நாற்பது நாளும் தாண்டியது. பால் குடித்தது, சிரித்தது. அக்டோபரில், காட்டில் லிண்டன் கடைசி இலையை உதிர்த்த அன்று, மூச்சு நின்றது.

அனுக் புதைக்க விடவில்லை. பிள்ளையை மடியை விட்டு இறக்கவே இல்லை. அவள் கை தளர்வதற்குள் மண் உறைந்து பாறையாகிவிட்டது. எபாய் பிள்ளையைப் பெட்டியில் கிடத்தி, ஆணி அடித்து, களஞ்சியத்தில் வைத்தான். மண் இளகியதும் புதைக்கலாம் என்று.

மே மாதம். மரங்களில் மொட்டு வெடித்த காலையில், களஞ்சியத்துக்குள் பலகையை நகத்தால் பிறாண்டும் சத்தம்...

திறந்தார்கள். பசியில் வீறிட்டது. வாயில் புதிதாக இரண்டு பல்.

இப்போது ஏழு வயது. ஒவ்வோர் அக்டோபரிலும் போகிறது. ஒவ்வொரு மே மாதமும் வருகிறது. அனுக் அதனோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

போன வாரம் ஐவிகா அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். இலையெல்லாம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டதல்லவா... எபாய் முற்றத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்தானாம். யாரும் கூப்பிடாமலேயே பெண் வந்து, பலகைக்குப் பக்கத்தில் மல்லாந்து நீட்டிப் படுத்தாளாம்.

“அப்பா, போன தடவை முட்டி மடங்கியே இருந்துச்சு. இந்த வருஷம் கொஞ்சம் நீளமா செய்ங்க.”