பட்டியலில் அடித்த முப்பத்தொரு வீடுகள்

ஹலோ... ஹலோ... ஆமா, மண்டி மொஹல்லா சர்வே ஆபீஸ்தான்... யாரு, மகேந்திரண்ணாவா? சொர்ணலதாதான் பேசறேன்... ம், குடிநீர்த் திட்டப் பட்டியல் வந்திருச்சு. இப்பதான் கவரைப் பிரிச்சேன்... இருங்க, இருங்க. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. கரியன்தொட்டியில முப்பத்தொரு வீட்டைப் பட்டியல்ல இருந்து யாரு அடிச்சது?

... தெரியாதா? சாமராஜநகர்ல அந்த ஃபைலைப் பாக்கறதே நீங்கதானே?

... ஹௌது, ஆமா, அந்த வீடுகளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு இருக்கு. கர்நாடகாவுல ஒண்ணு, தமிழ்நாட்டுல ஒண்ணு. எல்லையில இருக்கறவங்க வேற என்ன பண்ணுவாங்க? வீடு இந்தப் பக்கம்தானே அண்ணா...

... இல்ல. ஃபார்ம்ல நான் அதை எழுதவே இல்ல. மூணு தடவை சரிபார்த்தேன். என் நோட்டுல மட்டும்தான் இருந்துச்சு... ஆமா, நம்ம ஈவினிங் கிளாஸ் பாடத்தைப் பாத்து எழுதிக்கணும்னு வாங்கிட்டுப் போனீங்களே, அதே நோட்டு. பின்னாடி என் டைரி... அதையும் படிச்சீங்களா?

... சிரிக்காதீங்க.

... தப்பு எம்மேலயும் இருக்கு. "இத எழுதிப்போடாத கண்ணு"ன்னு அந்த ஊர் பாப்பாயி அக்கா கையப் பிடிச்சுட்டுச் சொன்னாங்க. அப்படியும் திரும்பி வர்ற பஸ்ல, வீட்டு நம்பர் போட்டு, வரிசையா எழுதினேன். மறந்துடுவேனோன்னு பயம். எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்னு இப்ப எனக்கே தெரியல...

... ஊர்ல ஐந்நூறு பேருக்குக் குறைஞ்சா, திட்டத்துக்குக் கடன் குடுக்கறவங்க குடுக்க மாட்டாங்க, தெரியும். அறுநூத்திப் பன்னெண்டு பேர் இருந்தாங்க. இப்ப நானூத்தி நாப்பத்தேழு. குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. கழிவுத் தண்ணி கிணத்துல இறங்கறதை நாம ரெண்டு பேரும்தானே பாத்துட்டு வந்தோம்?

... சரி, அந்தப் பணம் எங்க போகுது?... அடுத்த ஊருன்னா? பேரச் சொல்லுங்க...

... உங்க ஊரா?

... தெரியும். உங்க அம்மாவும் குடம் தூக்கறாங்க. நான் வேண்டாங்கலையே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க ஊருக்கும் நானே வந்து வீடு வீடா எழுதித் தந்திருப்பேனே...

... முடியாது. இந்தப் பட்டியல்ல கையெழுத்துப் போட மாட்டேன். நம்ம ஆபீசர் மஞ்சுநாத் சாரே சொன்னாலும் சரி. வேலை போனா போகட்டும்.

... என்னது?

... என் கையெழுத்து... போட்டாச்சா? யாரு போட்டா?

... நோட்டு அட்டையில இருந்த என் கையெழுத்தைப் பாத்து நீங்களே போட்டீங்களா?

... ஓ. அதுக்குத்தான் ஃபோனா? யாராவது கேட்டா 'நான்தான் போட்டேன்'னு நான் சொல்லணும். அவ்வளவுதானே?

... இல்ல, அழல... மிரட்டவும் இல்ல. ரெண்டு மணிக்கு ஹனூர் பஸ் இருக்கு. கரியன்தொட்டிக்குப் போறேன். நீங்க படிச்சதைச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி, நான் எழுதினதைச் சொல்லுவேன்... அடிக்கட்டுமே. அவங்க கையால வாங்கிக்கறேன்... வேண்டாம், இனிமே என்னைத் தங்கச்சின்னு—

ஹலோ?... ஹலோ?