அவருடைய குரல்

ஜெர்மனியில், நொய்கெல்ன் நிலையத்தில் சுரங்க ரயில் ஏறியதும், முன்னால் இருந்த ஒரு தமிழ் அக்கா கைபேசியில் ஓர் ஆங்கில நடிகையின் படத்தைத் தோழிக்குக் காட்டினார்.

"இவ இனிக் கதைக்கமாட்டாவாம்."

அந்த நடிகை, இளவயது முதல் நான் ஒருதலையாய்க் காதலிப்பவர். அவசரமாய் மரணச் செய்தி தேடினேன். விரல் தவறிக் கால்குலேட்டர்தான் திறந்தது.

"ஐயோ, செத்திட்டாவோ?" என்றார் தோழி.

"இல்லையடி. இவவுக்கு டொச் பாசையில டப்பிங் குரல் குடுக்கிற மனுசி பென்ஷன் எடுத்திட்டா. காதலியா நடிச்ச காலம் துவங்கி இப்ப மாமியார் வேசம் வரைக்கும் அவதான்."

"அப்ப இங்கிலிஷிலயே பாரன்."

"பாத்தனான். அவவின்ர குரல் மாதிரியே இல்லை."

நிம்மதியாய் மூச்சு விட்டேன். அடுத்த நிலையத்தில்தான் சந்தேகம் வந்தது: இத்தனை வருடமும் டொச்சில் படம் பார்த்து நான் காதலித்தது இருவரில் யாரை?