கண்ணாடிக் கெடிலம்

மேசை என்றால் நாலு கால் போதும் என்று நினைக்கிறவர்கள்தான் ஊரில் ஜாஸ்தி, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் மேசைக்கு ஆறு கால். எட்டடி நீளம், நாலடி அகலம். அதன்மேல் தேவனாம்பட்டினம் கோட்டை, சவுக்குத் தோப்பு, கெடிலம் ஆறு எல்லாம் உண்டு. ஆற்றுக்கு என் தங்கை ரசியாவின் பீரோக் கண்ணாடியைப் பெயர்த்துப் போட்டேன். திட்டத்தான் திட்டினாள். ஆனால் அதில் ஈயக் குதிரைகளின் நிழல் விழுந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் புருஷன் ஜமாலுதீன் மச்சான் அறுபத்திரண்டில் பினாங்கிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். சேலையா, சென்ட்டா என்று தெருவே எட்டிப் பார்த்தது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு ஈயச் சிப்பாய்கள். பாதி இங்கிலீஷ்காரன், பாதி பிரெஞ்சுக்காரன். தாயக்கட்டை உருட்டி, டேப் வைத்து அளந்து, அங்குலம் அங்குலமாகப் படையை நகர்த்த வேண்டும். அடடா, என்ன சுகம் ஐயா அது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் சண்டைதான். நான் நில அளவைக் குமாஸ்தா. வாரமெல்லாம் அடுத்தவன் வரப்பை அளப்பேன். ஜும்மாவுக்கு அனுமதி வாங்கும் அந்த ஒரு மத்தியானம்தான் எனக்கு.

இரண்டு வருஷம் கோட்டையையும் ஆற்றையும் தரையில் பரப்பி ஆடினோம். முட்டி தேய்ந்தது. அப்புறம் ஒருநாள் அவர் சொன்னார்.

"அடுத்த மாசம் பினாங்குக்கே போறேன் மச்சான். சிப்பாயுங்களயும் எடுத்துக்கிட்டுத்தான்."

"அப்ப நம்ம சண்ட?"

"வர்ற வெள்ளிக்கிழமையோட முடிச்சிக்கலாம். அதுக்கென்ன?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரம்தான் மேசை வேலையை ஆரம்பித்தேன்.

நல்ல மரம் வேண்டுமே. என் வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கிறது. கைப்பிடிச் சுவர் கிடையாது, வாய் தரையோடு தரை. மேலே கனமான வேங்கைப் பலகைகள். அதன்மேல் நின்றுதான் தண்ணீர் இறைப்போம். அவற்றைப் பெயர்த்தேன். கிணறு திறந்து கிடந்தால் குப்பை விழுமே என்று மூங்கில் பிளாச்சு, காகிதக் கூழ், பசை வைத்து ஒரு மூடி செய்தேன். கோட்டை செய்த கைதானே, சும்மா இருக்குமா? மரத்தின் ரேகையெல்லாம் வரைந்தேன். ஆணித் தலைகளைக்கூட வரைந்தேன். ஒரு காக்கை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, மரம்தான் என்று நம்பிப் போய்விட்டது. சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினேன். பார்க்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. மனைவியையும் பிள்ளைகளையும் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்து மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யா அல்லா, பலகை ஏது மச்சான்?"

"சிதம்பரத்து மர டிப்போவுல புடிச்சேன்."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா, பொய் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

அன்றைக்கு அவர் கைதான் ஓங்கியிருந்தது. குதிரைகள் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டன. அடுத்த உருட்டலில் கோட்டை போய்விடும். பள்ளிவாசலிலிருந்து அசர் பாங்கு கேட்டது. பாங்கு கேட்டால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவக் கிணற்றடிக்கு எழுந்து போவது அவர் வழக்கம்.

"ஒளு செஞ்சிட்டு வந்துடுறேன். என் குதிரையத் தொடாத மச்சான், ஆமா."

போகும்போது கண் மேசையை விட்டு வராது. கொல்லைக் கதவு வழியே கிணற்றடி வரைக்கும் பின்பக்கமாகவே நடப்பார். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேனே.

காகிதம் கிழிந்தால் பெரிய சத்தம் வராது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். "மச்சான், கயிறு" என்று மூன்று தடவை கூப்பிட்டார். தாம்புக்கயிறு என் காலடியில் சுருட்டி இருந்தது. காலையில் நான்தான் அதைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தேன். நான்காவது தடவை கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

கிணறு, மூடி, கயிறு எல்லாம் என் வேலைதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ரசியா அழுகிறாள், அவளுக்குக் கண்ணாடி வாங்கித் தர வேண்டும். ஒன்றே ஒன்று. மேசையைத் தூக்கும்போது ஆற்றங்கரைப் பக்கம் பார்த்துக் கை வைக்கச் சொல்லுங்கள். அவர் குதிரைகள் அவர் விட்டுப்போன இடத்திலேயே நிற்கின்றன. நான் தொடவில்லை. ஆட்டத்தில் ஏமாற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது ஐயா.