பெரியத்தாவின் புகை

“என்னத்த அடைச்சே புள்ள, புகையே வரலியே?” என்று பெரியத்தா ஒரு நாள் என்னைக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. பைப் பிடிக்கிறவருக்குப் புகை வர வேண்டும். அது நியாயமான ஆசைதான்.

பெரியத்தா என் அத்தாவின் அண்ணன். முகமது பாரூக் என்றால் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அத்தாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். சோற்றுக்கோ துணிக்கோ குறை வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது.

தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்த பைப் அது. அதுவரை சுருட்டு பிடித்தவருக்கு பைப் கௌரவமாகப் பட்டது. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. புகையிலையை எடுத்தால் பாதி மடியில் சிந்தும். பெரியம்மாவுக்குப் பார்வை மங்கல். அதனால் பைப் அடைத்துக் கொடுக்க நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். டீச்சர் வீடு தேடி வந்து கேட்டபோது பெரியத்தா சிரித்தார்.

“அங்க என்ன டீச்சர், பைப்புக்குப் போயிலை அடைக்கவா சொல்லித் தர்றீங்க?”

டீச்சரும் சிரித்துவிட்டார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு யார் முன்னாலும் பேச்சு வராது. பேசாதவள் எதையும் நினைக்க மாட்டாள் என்று அந்த வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நிறைய அடைத்தால் நிறையப் புகை வரும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. அடியில் தூவினாற்போல் விழ வேண்டும். நடுவில் லேசான அழுத்தம். மேலே மட்டும் சற்று இறுக்கம். முதல் தீக்குச்சி மேற்பரப்பைக் கருக்குவதற்கு மட்டும்தான். கருகி எழும்பியதை ஆணித் தலையால் தட்டி அமர்த்திவிட்டு அடுத்த குச்சியைக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட ஈரம் முக்கியம். காய்ந்த புகையிலை சுரீரென்று எரிந்து நாக்கைச் சுடும், புகை மெலிந்துவிடும். ஈரம் கூடினால் கொளகொளவென்று சத்தம்தான் வரும். டப்பாவுக்குள் ஒரு வெற்றிலையைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் பதமாக இருக்கும். பெரியம்மா தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சாயங்காலம்தோறும் ஓர் இலை எடுத்து, காம்பு கிள்ளித் தருவார்.

புகை வரவில்லை என்று அவர் கேட்ட நாளில் அவர் முகம் வெளுத்திருந்தது. பல நாளாக இருமல். மதுரைக்குப் போய் நெஞ்சைப் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு இழுத்துப் பார்த்துப் புகை வராததும் பயந்துபோனார். “நெஞ்சுல வலு போயிருச்சுடா பைசலு, காரை வரச் சொல்லு” என்று மகனிடம் சொன்னார்.

நெஞ்சில் அல்ல, பைப்பின் குழலில்தான் அடைப்பு. நான் துடைக்க மறந்திருந்தேன். ஈர்க்குச்சியில் துணி சுற்றிக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி அடைத்துக் கொடுத்தேன். அறை நிறைந்தது. வடமதுரையிலிருந்து வந்திருந்த அவருடைய கூட்டாளி கண்ணுசாமி முகத்துக்கு முன்னால் துண்டை வீசிக்கொண்டார்.

“என்ன பாய், செங்கச் சூளைக்குத் தீ வச்சாப்ல இருக்கு!”

பெரியத்தா நெஞ்சில் தட்டிக்கொண்டார். “இம்புட்டுப் புகை இழுக்குற நெஞ்சுக்கா சீக்கு? காரைத் திருப்பி அனுப்பு.”

கார் திரும்பிப் போனது. டப்பாவைப் பிடித்தபடி நின்ற எனக்கு அப்போதுதான் புரிந்தது. தன் உடம்பைப் பற்றி அவர் டாக்டரைக் கேட்பதில்லை, புகையைக் கேட்கிறார். அது என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது என் விரல்களில் இருக்கிறது.

இதே விஷயம் பெரியம்மாவுக்கும் புரிந்துவிட்டது. அன்று அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்தார்.

“பர்ஹானா, நாளையிலேர்ந்து கெட்டியா அடைச்சு வையி. இழுக்க ஏலாமப் பயந்தாத்தேன் மருதைக்குப் போவாரு. அவருக்குத் தெரிய வேணாம்.”

தலையாட்டினேன்.

கெட்டியாக அடைக்கவில்லை. அவர் மூச்சு குறையக் குறைய இன்னும் இலகுவாக அடைத்தேன். இலையை மாற்றி மாற்றிப் போட்டு ஈரத்தைச் சரி செய்தேன். பிறகு பிறகு அவர் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. உதட்டில் வைத்து மூச்சு விட்டாலே போதும், வெள்ளையாகப் பொங்கி வரும். கன்னம் ஒட்டிப்போன முகம் அதற்குள் மறைந்துவிடும். பெரியம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

“கெட்டியா அடைச்சுமா இம்புட்டு வருது?”

“ஆமா பெரியம்மா.”

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். பெரியம்மா அல்லாவுக்கு நன்றி சொல்லி அழுதார். டாக்டர் சொன்னது தப்பு என்று நம்பி, பாத்தியா ஓதி நெய்ச்சோறு ஆக்கினார். எனக்கு ஒரு கரண்டி கறி கூடுதலாக வைத்தார். நன்றாக இருந்தது.

இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் மதுரைக்குப் போனார்கள். முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் அங்கே. அங்கேயே மூச்சு நின்றது. போன காரிலேயே மய்யத்தைக் கொண்டுவந்தார்கள்.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்காகச் செய்தாள் என்று சொல்வீர்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஒரு வேலைக்கு நிறுத்தினார்கள். அதைக் குறை இல்லாமல் செய்தேன். அவர் கேட்டது புகை, நான் கொடுத்தது புகை. அதில் வேறு எதையும் நான் கலக்கவில்லை. இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பெரியம்மா இப்போது கணவர் போன துக்கம் காத்து இத்தா இருக்கிறார். வெற்றிலை போடுவதில்லை. ஆனாலும் டப்பாவுக்கு ஓர் இலை தருவதை மட்டும் விடவில்லை. இன்றைக்கும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத் தேற்றினார்.

“நீ என்ன செய்வே புள்ள? நான் சொன்னாப்ல கெட்டியா அடைச்சுத்தேன் பாத்தே. அம்புட்டையும் இழுத்துட்டாரே மனுசன். அவரு நெஞ்சு வலு அப்படி. நாந்தேன் அதைப் பாத்து ஏமாந்துட்டேன்.”

சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவர் நெஞ்சு வலுவாம்.

“ஒரு நாளும் நான் கெட்டியா அடைக்கல பெரியம்மா. வேணும்னுதேன் அடைக்கல. மருதைக்குப் போனாப் பொழச்சுக்குவாருன்னு எனக்குத் தெரியும். அவரு நெஞ்சுல அப்ப வலுவே இல்ல. அது என் புகை.”

அந்த வீட்டில் நான் தொடர்ந்து இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

பெரியம்மா வெற்றிலைப் பெட்டியை மூடினார். அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவரைத் தடவித் தடவி உள்ளே போனார்.

டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியில் நல்ல இலை இருந்திருக்காது. எடுத்துவரத்தான் போயிருப்பார்.