ஆர்டிஸின் கோணல் தையல்

மணி நாலரை இருக்கும்... அக்டோபர் மாதக் கடைசி. ஊரைத் தாண்டி வடக்கே போகும் சரளைக்கல் ரோடு. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த மக்காச்சோளக் காடு. ஒரு வீடு கிடையாது. குரைப்பதற்கு ஒரு நாய் கிடையாது. ரோடு போய் முட்டுகிற இடத்தில், வண்டிகள் போகக்கூடாது என்று அடைத்துவிட்ட பழைய இரும்புப் பாலம். அதன்மேல் ஒருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். அவளுக்கு எதிரே ஒரு போர்வை நிற்கிறது.

நிற்கிறது என்றுதான் சொன்னேன். பொறுங்கள், வருகிறேன்.

இந்த மழை விடியும்வரை விடப்போவதில்லை. கரண்டும் வராது. கன்சாஸில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சர்ச்சின் கீழறையில் குளிரத்தான் செய்யும், நாற்காலியை விளக்குப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தையலை ஓரமாக வையுங்கள்.

"ஏன் ட்வைலா, பேய்க் கதைன்னா ஊசியைக்கூடத் தொடக்கூடாதா?" என்று கேட்கிறாள் பெர்னீஸ்.

"தொடு. கதை முடியுற வரைக்கும் கையில வச்சிருக்கியான்னு பாக்கறேன்."

இது என் தோழி லோரீனுடைய தங்கைக்கு நடந்தது. லோரீனை உங்களுக்குத் தெரியும். போன குளிர்காலம் வரைக்கும் நம்மோடு உட்கார்ந்து தைத்தவள். ஏன் இப்போதெல்லாம் ஊசி பிடிப்பதில்லை என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதற்குத்தான் பதில் சொல்கிறேன். தங்கையின் பெயர் ரோண்டா. நம்மில் யாருக்கும் வராத கை அவளுக்கு. தையல் போட்டால் எறும்பு வரிசை போன மாதிரி இருக்கும். அந்தக் கர்வமும் இருந்தது... நிறையவே இருந்தது.

ரோண்டாவின் பக்கத்து வீட்டில் ஆர்டிஸ் என்று ஒருத்தி, அவள் புருஷன் டுவேன். பிள்ளைகள் இல்லை. ஆர்டிஸுக்கு உடம்பு படுத்துவிட்டது. எழுந்திருக்க முடியாத நோய். படுக்கையில் சாய்ந்தபடி ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண மோதிரம் என்கிற டிசைன்... மோதிரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகுமே, அது. மேல்துணியை நல்லபடியாக இருந்த நாளிலேயே ஒட்டுப்போட்டு முடித்துவிட்டாள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் போடுகிற கைத்தையல்தான் மிச்சம். அதைப் போட்டபோது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கை வலிக்குப் புதினாத் தைலம் தேய்த்துத் தேய்த்துப் போர்வையெல்லாம் அந்த வாசனை. தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல்.

ரோண்டா தினமும் போய்ப் பார்த்துக்கொண்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். குறை சொல்ல முடியாது. கடைசி வாரத்தில் ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதிதான் ஆகியிருக்கு ரோண்டா. மீதியை நீ முடிச்சுடு."

"முடிக்கறேன்."

"என் தையல் கண்றாவியாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். பிரிச்சுடாத."

"சேச்சே, பிரிப்பேனா?"

லோரீன் அப்போது வாசற்படியில் நின்றிருந்தாள். தன் காதால் கேட்டாள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவள் விட்டுப்போன போர்வையை இன்னொருத்தி முடிக்கலாம், அது புண்ணியம். ஆனால் அவள் போட்ட தையலில் கைவைக்கக் கூடாது. எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அது அவள் கை. பின்பக்க மூலையில் அவள் பெயர் மேலே, முடித்தவள் பெயர் கீழே. அவ்வளவுதான்.

ஆர்டிஸ் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ரோண்டா டுவேனைக் கட்டிக்கொண்டாள். ஊர் பேசியது. கஞ்சி கொடுக்கப் போனவள் வேறு என்னென்ன கொடுத்தாளோ என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். நானும் பேசினேன், எனக்கென்ன. பிறகு விட்டுவிட்டோம். ரோண்டாவுக்கு அவன்மேல் உயிர். நாற்பது வயதுவரை தனியாகவே கிடந்தவள். அவன் லேசாக இருமினால்கூட இவள் தண்ணீரோடு வந்து நிற்பாள். அதைப் பார்த்து யாருக்கு மனம் இளகாது? கட்டிக்கொண்டதை மன்னித்துவிட்டோம்.

அடுத்து அவள் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

விச்சிட்டா நகரத்தில் ஒரு பெரிய போர்வைப் போட்டி. ஒருத்தியே தன் கையால் தைத்தது என்று ஒரு பிரிவு. ரோண்டா ஆர்டிஸின் போர்வையை மேசையில் விரித்தாள். தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தாள்... டிக். டிக். டிக். ஆர்டிஸ் சாகக்கிடந்து போட்ட தையலை ஒன்று விடாமல் பிரித்தாள். பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை தெரியுமே? தண்ணீர் தெளித்து நகத்தால் தேய்த்துத் தேய்த்து அதையும் மூடினாள். பிறகு முழுக்கத் தன் எறும்பு வரிசையைப் போட்டாள். பின்மூலையில் ஒரே ஒரு பெயர். ரோண்டா.

லோரீன் போய்ச் சண்டை போட்டாள். "சாகறவளுக்கு வாக்குக் குடுத்தியேடி."

"அந்தத் தையலோட அனுப்பினா சிரிப்பாங்க. அவ மானத்தைத்தான் காப்பாத்தியிருக்கேன்."

"அப்ப அவ பேரு எங்க?"

ரோண்டா கத்தியை எடுத்து உறையில் போட்டுக்கொண்டாளாம்.

போட்டிக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். வெளியில், இயற்கை வெளிச்சத்தில் எடுத்தது. அதற்காகத்தான் அந்தப் பாலம்.

நம் வீட்டு ஆண்பிள்ளைகள் பாடு தெரியாதா? எத்தனை போர்வைப் படத்தில் இருக்கிறார்கள், ஒன்றிலாவது முகம் உண்டா? மேலே எட்டு விரல், கீழே ஒரு ஜோடி பூட்ஸ். என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகப் பூட்ஸாகத்தான் வாழ்கிறார்.

டுவேனும் அப்படித்தான் போர்வைக்குப் பின்னால் போய்க் கையைத் தூக்கிப் பிடித்தான். கட்டில் முழுக்க மூடுகிற போர்வை. ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு மூலையும் எட்டாது. ஒரு மூலையைப் பாலத்துக் கம்பியில் துணிக் கிளிப் போட்டு மாட்டினார்கள். காற்று விடவில்லை. கிளிப் தெறிக்கிறது, போர்வை படபடவென்று அடிக்கிறது.

"கொஞ்சம் உயர்த்து. பூட்ஸ் தெரியட்டும், முழங்கால் வேண்டாம்."

"கை ரெண்டும் கழண்டுடும் போல இருக்கு. சீக்கிரம் எடுத்துத் தொலை."

"பரிசு ரிப்பன் கிடைச்சா ஓட்டல்ல உனக்கு ஒரு ஸ்டேக் வாங்கித் தரேன்."

"ரெண்டு," என்றான் அவன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பை அவள் கேட்டது அதுதான் கடைசி.

காற்று நின்றது.

மெல்ல அடங்கவில்லை... கதவைச் சாத்தினாற்போல நின்றது. போர்வை ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றது. வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு தையலும் தெரிந்தது. ரோண்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்போனில் பார்க்கிறாள். இடது மூலையில் விரல்கள். வலது மூலையிலும் விரல்கள்.

"அப்படியே பிடி டுவேன். ரெண்டு பக்கமும் நல்லா இழுத்துப் பிடிச்சிருக்க. அசையாத." ஒரு படமும் எடுத்துவிட்டாள்.

போர்வைக்குப் பின்னாலிருந்து டுவேன் சொன்னான், "நான் எங்க பிடிச்சிருக்கேன்? கையைக் கீழ போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு. நீதானே கிளிப் மாட்டின?"

ரோண்டா செல்போனை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தாள். அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடுவே ஒரு ஆள் கை விரித்தாலும் எட்டாத தூரம். இரண்டிலும் மெலிந்த விரல்கள், நகம் வெளுத்து. பூட்ஸ் ஒரு ஜோடிதான். நடுவில் நிற்கிறது. காற்றே இல்லாத பாலத்தில் புதினாத் தைல வாசனை குப்பென்று அடித்தது.

அப்புறம் அந்தச் சத்தம். தடித்த துணியில் ஊசி இறங்குகிற பொத்... நூலை இழுக்கிற சர்ர்... பொத்... சர்ர்...

"ரோண்டா, இந்தத் துணி என் சட்டையைப் பிடிச்சு இழுக்குது."

"வெளிய வா டுவேன்."

"வர முடியல. முதுகுப் பக்கமும் துணி இருக்கு..."

இருமினான். அந்த இருமல் பாதியில் அமுங்கிப்போனது. தலையணைக்கு அடியிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது என்றாள் ரோண்டா.

ஓடிப்போய்ப் போர்வையைப் பிடித்து இழுத்தாள். மொத்தமாக அவள்மேல் சரிந்து விழுந்தது. பின்னால் யாரும் இல்லை. பூட்ஸ் இரண்டும் நின்ற இடத்தில் நின்றன. கயிறு அவிழ்க்கவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்... சூடு இருந்தது.

ஷெரிஃப் வந்தார். ஆற்றில் தேடினார்கள். அக்டோபரில் அந்த ஆற்றில் கணுக்கால் தண்ணீர்கூட ஓடாது, அதில் என்ன தேடுவது? வேறு எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு. ஓடுகிறவன் பூட்ஸைக் கட்டிய கயிறோடு விட்டுவிட்டு வெறுங்காலோடு சரளைக்கல்லில் ஓடுவானா? மூளை வேண்டாம்?

"ஷெரிஃப்கிட்ட அந்தப் படத்தைக் காட்டலியா அவ?" என்கிறாள் பெர்னீஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

காட்டினாள். "போர்வையை யாரும்மா பிடிச்சிருக்கா?" என்றுதான் அவரும் கேட்டார்.

ரோண்டா போர்வையைப் போட்டிக்கு அனுப்பவில்லை. எரிக்கலாம் என்று கொல்லைப்பக்கம் எடுத்துப்போனாளாம். தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். அப்போது உள்ளேயிருந்து இருமல். டுவேனுடைய இருமல். அவளுக்குத் தெரியாதா அது? குச்சியைக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, போர்வையை வாரி அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிலில் விரித்துத் தடவிப் பார்த்தாள். நடுவில் ஓர் இடம் கதகதவென்று இருந்தது.

பிரிக்கிற கத்தியை எடுத்தாள். டிக். டிக். அவளுடைய எறும்பு வரிசைதான், அவளே போட்டது. பகல் முழுக்கப் பிரித்தாள். கை நுழைகிற அளவுக்கு வழி வந்தது. உள்ளே கைவிட்டாள். பஞ்சு... இன்னும் பஞ்சு... எவ்வளவு நீட்டினாலும் பஞ்சு. டுவேனுடைய சட்டையில் வருகிற டீசல் வாசனை மட்டும் வந்தது. "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பிரித்தவள், அசந்து தூங்கிவிட்டாள்.

கண் விழித்தால் பிரித்த இடமெல்லாம் தைத்திருக்கிறது. எறும்பு வரிசை இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல்.

மறுநாளும் பிரித்தாள். மறுநாளும் தைத்திருந்தது. விடுவாளா? அவன் உள்ளே இருக்கிறான் அல்லவா. வேலைக்குப் போவதை விட்டாள். சோறு தண்ணீரையும் விட்டாள். தூங்கினால்தானே ஆர்டிஸ் தைக்கிறாள் என்று கண்ணில் மிளகாய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாளாம் பாவி. என்ன செய்தாலும் ஒரு நொடி கண் சொக்கிவிடும். நான் சொல்கிறேன், எனக்கு ஆர்டிஸ்மேல் பரிதாபம் உண்டு. ஆனால் லோரீன் இதையெல்லாம் சொன்னபோது நானே கேட்டுவிட்டேன்: ஒரு நாள், இரண்டு நாள் பழிவாங்கலாம். இப்படியா?

பிப்ரவரியில், பனி கொட்டி ரோடெல்லாம் அடைத்துக் கிடந்த வாரம், லோரீன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு தங்கையைப் பார்க்கப் போனாள். நல்ல வெயில் அடிக்கிற காலைநேரம். கதவு திறந்தே இருந்தது. அடுப்பு அணைந்து வீடே ஐஸாக இருந்தது. ரோண்டா கட்டிலில் போர்வைமேல் கவிழ்ந்து, ஒரு கை நீட்டிப் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். கண் மட்டும் திறந்திருந்தது.

"எந்திரி ரோண்டா. எங்க வீட்டுக்குப் போகலாம்."

"வர முடியாது லோரீன். நேத்து எங்கிட்ட பேசினான். கையைக் குடுன்னான்... குடுத்தேன்."

லோரீன் அவளைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. நீட்டிய கையின் சட்டைக் கை போர்வையோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. குனிந்து பார்த்தாள். தோளிலிருந்து கீழே வரைக்கும் சட்டைக் கையைப் போர்வையோடு சேர்த்துத் தைத்திருக்கிறது. நீளம், குட்டை, கோணல்.

லோரீன் கத்திரிக்கோலை எடுத்தாள். தோளில் வெட்டினாள். முழங்கையில் வெட்டினாள். நூல் பட் பட்டென்று அறுந்தது. சட்டைக் கை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டாள். தையல் அங்கே நிற்கவில்லை, இன்னும் கீழே போனது. வெட்டிக்கொண்டே போனாள்.

ரோண்டா அவளை ஏறெடுத்துப் பார்த்தாள். அழவில்லை. பொறுமையாகத்தான் சொன்னாளாம்.

"அங்க வெட்டாத லோரீன்... அது துணி இல்ல."