தனித்தொட்டி

மீன் வளர்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் முதல் மீனைச் சுத்தத்தால்தான் கொல்கிறார்கள். நானும் அப்படித்தான். தொட்டியின் கண்ணாடியில் லேசாகப் பாசி படிந்திருந்தது. பாத்திரம் தேய்க்கிற பொடியைப் போட்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, தங்கமீனை உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. மதியம் சாப்பிட வந்தபோது மீன் மல்லாந்து மிதந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா பளிச்சுன்னு இருக்கு" என்றாள். தொட்டியைச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து என் பெயர் தங்கமீன். எங்கள் இணையக் குழுவின் வழக்கம் அது. சேருகிறவர் யாராக இருந்தாலும், தன் கையால் செத்த முதல் மீனின் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்படுத்தியவன் நான்தான். வாசலிலேயே ஒரு கொலையை ஒப்புக்கொண்டு உள்ளே வருகிற இடத்தில் யாருக்கும் தலைக்கனம் இருக்காது. இந்த இடத்தில் நீங்கள் அடிக்கோடு போடுவீர்கள், மேடம். போட்டுக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பேச விட்டால் நான் சிரிக்க வைக்கப் பார்ப்பேன் என்று பக்கத்தில் இருந்த காவலரிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மைதான். எழுத விட்டாலும் அதைத்தான் செய்வேன்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரார் பார்வையைத் திருத்துவது தொழில். குழுவை நடத்துவது மட்டும்தான் நான் காசு வாங்காமல் செய்த காரியம். அதில் இரண்டே விதிகள். யாரையும் 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும். அரசியல் பேசக் கூடாது.

இரண்டாவது விதிக்குக் காரணம் என் தம்பி. ஒரு தேர்தல் சமயம் சாப்பாட்டு மேஜையில் அவன் ஒரு கட்சியைச் சொன்னான், நான் சிரித்தேன். அவ்வளவுதான். அப்பா இறந்த அன்று ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். பாடையின் முன்பக்கத்தை அவன் பிடித்தான், பின்பக்கத்தை நான் பிடித்தேன். வழியில் தோள் மாற்றிக்கொள்ளக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது அந்தக் குழு ஒன்றுதான். அதுவும் இரண்டுபட்டால் நான் எங்கே போவேன், சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் விதியை மீறியவர்களை வெளியே அனுப்பினேன். அனுப்பினால் அவர்கள் வேறு பெயரில் வந்து, போன தடவையைவிடச் சத்தமாகப் பேசினார்கள். பிறகுதான் மென்பொருளில் ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒருவருக்கு அதைப் போட்டுவிட்டால், அவர் எழுதுவதும் அதன் கீழே வருகிற பதிலும் அவர் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரியவில்லை என்பது அவருக்கும் தெரியாது. மீன்காரர்கள் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கும். நோய் வந்த மீனைப் பெரிய தொட்டியில் விட்டால் மற்றதற்கும் பரவும் என்று ஒரு சின்னத் தொட்டியில் தனியாக வைப்போம். அதனால் நானும் அதற்குத் தனித்தொட்டி என்றே பெயர் வைத்தேன். யாரையும் அவமானப்படுத்தவில்லை, யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரி அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். சலித்ததும் மீனைப் பற்றி எழுதுவார்கள். எழுதியதும் திறந்துவிடுவேன்.

கப்பி என்பவரை உங்களுக்குத் தெரியும். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வாய் அதிகம், மனசு சுத்தம். எதை எழுத ஆரம்பித்தாலும் அது ஏதாவது ஒரு கட்சி அலுவலக வாசலில்தான் போய் நிற்கும். மீனுக்கு வால் அழுகினால்கூட அமைச்சரவையைக் கலைக்கச் சொல்வார். இந்தத் தேர்தல் அறிவித்த வாரம் அவர் எழுதியது இது. என் நினைவிலிருந்தே தருகிறேன், ஒரு சொல் மாறாது.

"நம்ம பக்கத்து மூணு தெருவுல யாருக்காச்சும் மீன் செத்துச்சாங்க? என்னோடது எல்லாம் ஒரே நாள்ல போச்சு. தண்ணிய மாத்தினதும் போச்சு. பம்ப் ரூமுக்குப் பின்னாடி முலாம் பூசுற பட்டறை வந்திருக்குல்ல, அது யாரு மச்சானோடதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு ஆளுக்குச் செத்தா அது அவன் தப்பு. எல்லாருக்கும் செத்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். வீட்ல சின்னப் புள்ள இருக்கு, அதனால கேக்குறேன். தயவுசெஞ்சு சொல்லுங்க."

இதில் எது மீன், எது அரசியல் என்று நீங்களே பிரித்துக் கொடுங்கள். நான் மச்சான் என்ற இடத்தில் நிறுத்தினேன். அந்த மச்சானின் கட்சிக்கு எங்கள் குழுவில் பாதிப்பேர், எதிர்க்கட்சிக்கு மீதிப்பேர். பொழுது சாய்வதற்குள் குழு கிழிந்திருக்கும். கப்பியைத் தனித்தொட்டிக்கு மாற்றினேன்.

அந்த வாரமே அதே மூன்று தெருக்களிலிருந்து இன்னும் நான்கு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மோலி அம்மா கட்சிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் கேள்வி அதுதான். அதற்குப் பத்துப் பேர் பதில் சொன்னால் பதினோராவது ஆள் மச்சானைக் கொண்டுவந்துவிடுவார். எனவே அவர்களையும் மாற்றினேன், ஆளுக்கொரு தொட்டியில். ஐந்து பேரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஐந்தையும் படித்தவன் நான் ஒருவன்தான்.

என் வீடும் அந்தப் பம்ப் தண்ணீரில்தான் இருக்கிறது. ஒரு காலை என் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தன. ஓடிப்போய் ஒரு கேன் தண்ணீர் வாங்கி வந்து மாற்றினேன். பிழைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு வீட்டுக்கும் கேன் தண்ணீரே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். ருசிக்காகத்தான். நீங்கள் இதையும் அதையும் முடிச்சுப் போடுகிறீர்கள், போடாதீர்கள். என் மனைவி அன்றைக்கே கிண்டல் செய்தாள். "கல்யாணம் ஆன நாள்லருந்து குழாய்த் தண்ணிதான் எனக்கு. மீனுக்கு ஒண்ணுன்னதும் கேன் வருது பாரு" என்றாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை.

அரசியலைத் தள்ளி வைத்தேனே தவிர அந்த ஐந்து பேரைத் தள்ளி வைக்க எனக்கு மனசு வரவில்லை. இது என் பலவீனம். கப்பி தினமும் வந்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். பதில் வராது. மறுபடி கேட்பார். தனித்தொட்டியில் இருக்கிற மீனுக்கும் தீனி போட வேண்டும், மேடம். போடாவிட்டால் அது நோயில் சாகாது, பட்டினியில் சாகும்.

அப்படித்தான் ஏஞ்சல் அக்கா பிறந்தாள். தையல்காரி. புருஷன் இல்லை. அடுத்த தெருவில் இருக்கிறாள். ஒரு ஏஞ்சல் மீனைக் கொன்றவள், இப்போது இரண்டு வளர்க்கிறாள். கடையில் ஆள் வராத நேரத்தில் லென்ஸ் துடைத்துக்கொண்டே அவளை யோசித்து யோசித்துச் செய்தேன். கப்பிக்கு அவள் எழுதிய முதல் பதில் எனக்கே பிடித்திருந்தது. "தம்பி, நானும் அதே குழாய்த் தண்ணிதான் ஊத்துறேன். என் புள்ளைங்க ரெண்டும் ஜம்முனு இருக்குங்க. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க, உங்க ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க." கூடவே ஒரு படமும் வைத்தாள். என் மீன்களின் படம். அவையும் அழகாகத்தான் இருந்தன, கேன் தண்ணீரில்.

கப்பிக்கு உயிர் வந்துவிட்டது. "அப்ப என் தப்புதான் போலிருக்குக்கா" என்று எழுதினார். மச்சானையும் பட்டறையையும் அத்தோடு விட்டுவிட்டார். நகராட்சிக்கு மனு எழுதி வைத்திருந்தாராம், ஊரைக் கூட்ட நாள்கூடக் குறித்திருந்தாராம். ஊர் சிரிக்கும் முன்னால் அக்கா காப்பாற்றினாள் என்று கிழித்துப் போட்டுவிட்டார். இந்த இடத்தில்தான் நீங்கள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் கப்பி எழுதியதை அப்படியே சொன்னேன், என் பங்கு எதுவும் சேர்க்கவில்லை.

மற்ற நால்வருக்கும் அக்காவே பதில் சொன்னாள். எல்லோரும் அமைதியானார்கள். பெரிய தொட்டியில் தேர்தல் முடிகிற வரை ஒரு சச்சரவு இல்லை. பாசியைப் பற்றிப் பேசினார்கள், புழுவைப் பற்றிப் பேசினார்கள். நான் என் தம்பியை நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு வீட்டை நாங்கள் வைத்திருக்கலாம்.

அக்காவுக்கும் கப்பிக்கும் நல்ல பழக்கம் ஆகிவிட்டது. வண்டி ஓட்டிவிட்டு வந்ததும் அவளிடம் வந்து பேசுவார். தன் பாப்பா பள்ளியில் மீன் வரைந்து பரிசு வாங்கியதை முதலில் அவளிடம்தான் சொன்னார். அதற்குச் சில வாரங்கள் கழித்து, பாப்பாவுக்கு முகம் வீங்கியிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, லேசாகக் காய்ச்சல், டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று எழுதினார். அக்கா என்ன சொல்வாள்? எந்த அக்காவும் சொல்வதைத்தான் சொன்னாள். "பயப்படாதீங்க தம்பி, உடம்பு சூடா இருக்கும். நிறைய தண்ணி குடுங்க. வேணாம்னாலும் விடாதீங்க, குடுத்துக்கிட்டே இருங்க."

அதை எழுதும்போது குழாய் என் நினைவில் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கடையில் அப்போது ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், கிட்டப்பார்வைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். எழுதி அனுப்பிவிட்டு, கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அவருக்கும் கொடுத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு வாசலில் கப்பியும் மோலி அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பாப்பாவுக்காக, அந்த அம்மா தன் கணவருக்காக. நேரில் முன்பின் பார்த்திராதவர்கள். பேச்சு எப்படியோ மீனுக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு அக்கா ரொம்ப ஆறுதல் என்று கப்பி சொல்ல, எனக்கும் ஒரு அக்கா என்று அந்த அம்மா சொல்ல, இருவரும் செல்போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி அவர் எழுதியது ஒன்றுகூட அந்த அம்மாவின் போனில் இல்லை. அந்த அம்மா எழுதியது அவர் போனில் இல்லை. இரண்டிலும் அக்கா இருந்தாள். ஒரே படம், ஒரே இரண்டு மீன்.

பாப்பா மறுநாள் இறந்துவிட்டாள். மூன்று தெருக்களில் வேறு வீடுகளிலும் உயிர்கள் போயின. பட்டறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். குழாயைத் திறந்தால் இப்போது காற்றுதான் வருகிறது. தண்ணீரில் விஷம் கலந்தவன் நான் இல்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. கேட்டவர்களைப் பிரித்து வைத்ததும், இல்லாத ஒருத்தியை வைத்துப் பொய்ப்பதில் சொன்னதும், தண்ணீர் கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதைச் செய்ததும் நான்தான். தெரிந்த பிறகு என்பதை முதலில் மறுத்தேன். இப்போது மறுக்கவில்லை. என் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. அவை பேசுகிற பேச்சை எந்த வக்கீலாலும் மறுக்க முடியாது.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. அக்கா அவர்களுக்கு ஆறுதலாக இருந்தாளா, இல்லையா? என் மனைவியைக் கேட்டேன். அவள், "அந்தக் கேன் எதுக்குன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று திருப்பிக் கேட்டாள். இப்போது தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், நிஜ அக்கா. வக்கீலைக் கேட்டேன். தயவுசெய்து இதை வேறு எங்கேயும் கேட்டுவிடாதீர்கள் என்றார். உங்களைக் கேட்டேன். அடுத்த கேள்விக்குப் போனீர்கள்.

இன்று பிற்பகல், அக்கா எழுதியவற்றை அடையாளம் காட்டக் கப்பியை அழைத்து வந்தீர்கள். அதையும் எழுதி முடிக்கச் சொன்னீர்கள். காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தார், வண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த மாதிரி. நான் நினைத்ததைவிடக் குள்ளம். அடிப்பார் என்று எதிர்பார்த்துத் தாடையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை தையல்காரியின் கைகள் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறாரோ என்னவோ. நீங்கள் ஃபைலை எடுக்கத் திரும்பிய நேரத்தில் நான் கேட்டேன்.

"அக்கா சொன்னது உங்களுக்கு ஆறுதலா இருந்துச்சாங்க?"

அவர் யோசிக்கவே இல்லை.

"இருந்துச்சு. அவ்வளவு பாசமா சொன்னாங்க. பாப்பா கசக்குதுப்பா, வேணாம்ப்பான்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அவங்க சொன்னாங்களேன்னு மடில போட்டு, வாயத் தொறந்து, நாந்தான் ஊத்தினேன்."

இப்போதும் அவளை 'அவங்க' என்றுதான் சொன்னார். கவனித்தீர்களா, மேடம்? எங்கள் குழுவில் கடைசி வரை மரியாதை குறையவே இல்லை.